கஷ்ட காலத்தில் வேலையிடம்: மீள்திறன் எங்கிருந்து வருகிறது?

ஆட்குறைப்பு, ஆர்டர் ரத்து, சம்பளப் பிடித்தம், திடீரென்று மாறும் நிர்வாகம். ஒரு நிறுவனத்துக்குக் கெட்ட காலம் வரும்போது, ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே செய்தியைக் கேட்ட இரண்டு பேர் ஆறு மாதம் கழித்து இரண்டு விதமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவருக்குத் தூக்கம் போயிருக்கும், வீட்டில் எரிந்து விழுவார், பிரஷர் மாத்திரை ஆரம்பித்திருப்பார். இன்னொருவருக்கும் கவலை இருக்கும். ஆனாலும் வேளைக்குச் சாப்பிடுகிறார், தூங்குகிறார், வேலையும் நகர்கிறது. இரண்டாமவரிடம் தெரிகிற இந்தத் தன்மையைத்தான் மீள்திறன் என்கிறார்கள். அடி விழும்போது வலிக்கத்தான் செய்யும். வலித்தபின் மறுபடி நிலைக்கு வர முடிகிறதா என்பதுதான் கேள்வி.

நாம் இதைப் பெரும்பாலும் ஆளின் குணமாகவே பேசுகிறோம். "அவருக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி", "இவர் சட்டென்று உடைஞ்சு போயிடுவார்" என்று. குணத்துக்கும் பங்கு உண்டுதான். ஆனால் கடந்த ஐம்பது வருட ஆராய்ச்சியைக் கொஞ்சம் படித்துப் பார்த்தால், மீள்திறனின் பெரும்பகுதி வேறு இரண்டு இடங்களில் இருப்பது தெரிகிறது: தன் வேலைமேல் ஒருவருக்கு எவ்வளவு பிடி இருக்கிறது, அவரைச் சுற்றி எப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தைத் தொழிலாளி தனியாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய குறையாகக் கற்றுக்கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. ஏற்கெனவே அடிபட்டிருப்பவரிடம் "உங்களிடம் ஏதோ பற்றாக்குறை" என்று சொல்வதில் போய்த்தான் அது முடிகிறது.

சிகாகோவில் ஒரு டெலிபோன் கம்பெனி

இந்த ஆராய்ச்சியில் அதிகம் பேசப்படும் இடம் இல்லினாய் பெல் என்ற டெலிபோன் கம்பெனி. அமெரிக்காவின் தொலைபேசித் தொழிலை ஏறக்குறைய ஏகபோகமாக வைத்திருந்த ஏ.டி. அண்ட் டி. குழுமத்தைச் சேர்ந்தது. அங்கே வேலை கிடைப்பது நம் ஊரில் அரசு வேலை கிடைப்பது போலத்தான். சேர்ந்துவிட்டால் ஓய்வுபெறும்வரை கவலையில்லை. 1975-ல் சிகாகோ பல்கலைக்கழக உளவியலாளர் சால்வடோர் மேடி, அந்தக் கம்பெனியின் மேலாளர்கள், சூப்பர்வைசர்கள் என்று சுமார் 450 பேரை வருடா வருடம் கவனிக்க ஆரம்பித்தார். நேர்காணல், உளவியல் வினாத்தாள், மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. சுசான் கோபாசா என்ற இளம் ஆய்வாளரும் இதில் முக்கியப் பங்கு வகித்தார்.

ஏகபோகம் உடையப்போகிறது என்ற பேச்சு அப்போதே இருந்தது. 1981-ல் அடி விழுந்தது. சுமார் 26,000 பேர் இருந்த கம்பெனி ஒரே வருடத்தில் கிட்டத்தட்டப் பாதியானது. 1984 ஜனவரி 1 அன்று ஏ.டி. அண்ட் டி. குழுமமே சட்டப்படி பிரிந்தது. வேலை தப்பியவர்களுக்கும் நிம்மதியில்லை. ஒரு மேலாளருக்குப் பன்னிரண்டு மாதத்தில் பத்து மேலதிகாரிகள் மாறினார்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை, அந்தப் பத்துப் பேருக்கும் தெரியவில்லை.

மேடியின் குழு அதற்குப் பிறகும் ஆறு வருடம் அவர்களைத் தொடர்ந்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேர் நொடிந்துபோனார்கள். மாரடைப்பு, பக்கவாதம், மனச்சோர்வு, குடி, விவாகரத்து என்று பட்டியல் நீண்டது. மீதி ஒரு பங்குப் பேர் அதே கம்பெனியில், அதே குழப்பத்தில், உடல்நலத்தோடும் வேலையில் உற்சாகத்தோடும் இருந்தார்கள். சிலர் முன்பைவிட நன்றாகவே வேலை செய்தார்கள்.

குழப்பம் வருவதற்கு முன்பே எடுத்த தகவல்கள் கையில் இருந்ததால், இந்த மூன்றில் ஒரு பங்கினர் எதில் வேறுபட்டிருந்தார்கள் என்று பார்க்க முடிந்தது. மூன்று விஷயங்கள் தெரிந்தன. ஒன்று ஈடுபாடு: நிலைமை மோசமானாலும் ஒதுங்கிப் போய்விடாமல், நடப்பதிலும் கூட இருப்பவர்களிலும் கலந்தே இருப்பது. இரண்டாவது பிடி: முழுவதையும் மாற்ற முடியாவிட்டாலும், தன் கைக்கு எட்டுகிற பகுதியை மாற்ற முயல்வது. மூன்றாவது சவால் மனப்பான்மை: மாற்றம் என்பது வாழ்க்கையில் வரத்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எதையாவது கற்றுக்கொள்ளப் பார்ப்பது.

மூன்றில் எனக்கு முழு நம்பிக்கை இருப்பது பிடியின்மேல்தான். சவால் மனப்பான்மையைச் சொல்லும்போது ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வேலை போனவரிடம், வீட்டுக் கடன் தவணை கட்ட முடியாமல் நிற்பவரிடம், "இதை ஒரு வாய்ப்பாகப் பாருங்கள்" என்று மேலதிகாரி சொல்வது கொடுமை. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது அது உதவலாம். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்கிற ஆறுதலாக அதற்கு மதிப்பே இல்லை.

கைக்கு எட்டுகிற பகுதி

பிடி என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. திருப்பூரில் அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு இது எப்படிப்பட்ட அடி என்று சொல்லத் தேவையில்லை. அப்படி ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையர்களின் (ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களின்) ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவராக, இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பையரிடமிருந்து மெயில்: இருக்கிற ஆர்டரில் விலையைக் குறையுங்கள், அடுத்த சீசன் ஆர்டரை நிறுத்தி வையுங்கள்.

வரியை அவர் குறைக்க முடியாது. பையர் மனதையும் மாற்ற முடியாது. அதையே நினைத்துக்கொண்டு நாள் முழுக்கச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தால் சாயங்காலத்துக்குள் நெஞ்சு அடைத்துவிடும். அவர் ஒரு நோட்டை எடுத்து, எந்தெந்த ஆர்டருக்குத் துணி ஏற்கெனவே பின்னி முடிந்து சாயப்பட்டறைக்குப் போய்விட்டது, எதற்கு நூலே இன்னும் வாங்கவில்லை என்று பிரித்து எழுதுகிறார். நூல் வாங்காததை நிறுத்திவிடலாம். சாயப்பட்டறையில் கிடப்பதைப் பற்றி மட்டும் இன்று பேசினால் போதும். அப்புறம், எந்த ஸ்டைலை பிரிட்டன், ஐரோப்பிய பையர்களுக்குக் காட்டலாம் என்று ஒரு பக்கம். இந்தியாவும் பிரிட்டனும் அந்த ஜூலையில்தான் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. அந்தப் பையர்கள் என்னென்ன சான்றிதழ் கேட்பார்கள் என்று இன்னொரு பக்கம்.

இந்த நோட்டால் கம்பெனி பிழைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. பிழைக்காமலும் போகலாம். ஆனால் அந்தப் பெண்ணின் உடம்புக்கும் மனதுக்கும் நடப்பது வேறு. "என்ன நடக்குமோ" என்ற ஒரு பெரிய மூட்டை, "இன்று யாருக்கு போன் செய்ய வேண்டும்" என்ற நாலைந்து சின்ன வேலைகளாகப் பிரிந்துவிட்டது. நாலில் இரண்டு முடிந்தாலும், தான் செய்ததற்கு ஒரு பலன் இருந்தது என்பதை மூளை குறித்துக்கொள்கிறது.

மூளை குறித்துக்கொள்கிறது என்பதைச் சும்மா சொல்லவில்லை. 1967-ல் மார்ட்டின் செலிக்மேனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தப்ப வழியே இல்லாதபடி மின்னதிர்ச்சி பெற்ற நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தப்ப வழி இருந்தும் முயலாமல் படுத்துவிட்டன. என்ன செய்தாலும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று விளக்கினார்கள். ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், மூளை நரம்பியல் ஆய்வுகளை வைத்து அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப் போவதுதான் உடம்பின் இயல்பான எதிர்வினை, அதை யாரும் கற்றுக்கொள்வதில்லை. கற்றுக்கொள்ளப்படுவது பிடிதான். "நான் செய்தால் மாறுகிறது" என்று மூளையின் முன்பகுதி உணரும்போது, அது அந்தச் செயலற்ற நிலையை அடக்குகிறது. ஒருமுறை அப்படி உணர்ந்தது அடுத்த துன்பத்திலும் ஓரளவு காக்கிறது.

எனக்கு இது பெரிய ஆறுதலான செய்தி. கெட்ட காலத்தில் கை கால் ஓடாமல் உட்கார்ந்துவிடுகிறவர் பலவீனமானவர் இல்லை. எல்லா உடம்பும் அப்படித்தான் தொடங்குகிறது. அதிலிருந்து வெளியே வர, உண்மையிலேயே பலன் தருகிற சின்ன முயற்சிகள் அவருக்குக் கிடைக்க வேண்டும். "கிடைக்க வேண்டும்" என்று சொல்லும்போதே, அதைக் கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியும் வந்துவிடுகிறது.

வேலையிடத்தின் பங்கு

பிடி எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. லண்டனில் வைட்ஹால் என்ற வட்டாரத்தில்தான் பிரிட்டிஷ் அரசின் தலைமை அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே வேலை செய்த அரசு ஊழியர்களை 1967 முதல் ஆராய்ந்தார்கள். மைக்கேல் மார்மட் என்ற மருத்துவரின் பெயரோடு இந்த ஆய்வுகள் சேர்ந்தே பேசப்படும். உயர் அதிகாரிகளுக்குத்தான் டென்ஷன் அதிகம், அவர்களுக்குத்தான் மாரடைப்பு வரும் என்று அப்போது பலரும் நினைத்தார்கள். கிடைத்த விடை நேர்மாறு. கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளைப்போல மூன்று மடங்கு இருந்தது. எல்லோரும் நிரந்தர வேலையில் இருந்தவர்கள், கூரையும் சாப்பாடும் உள்ளவர்கள். புகைபிடித்தல், ரத்த அழுத்தம் போன்றவை இந்த வித்தியாசத்தின் ஒரு பகுதியைத்தான் விளக்கின.

1985-ல் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண், பெண் ஊழியர்களைப் பார்த்தது. தன் வேலையை எப்படிச் செய்வது, எந்த வேகத்தில் செய்வது என்பதில் தன் பேச்சு எதுவும் எடுபடாதவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. மேசைமேல் எவ்வளவு வேலை குவிகிறது என்பதோடு, அதில் எதை முதலில் எடுப்பது என்று நீங்களே முடிவு செய்ய முடிகிறதா என்பதும் உடம்பைத் தொடுகிறது.

அதனால்தான் வேலையின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஆட்களுக்கு மட்டும் பயிற்சி கொடுப்பது அதிகம் பலிப்பதில்லை. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த வில்லியம் பிளெமிங் 2024-ல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்கள் தந்த விடைகளைப் பார்த்தது. மீள்திறன் வகுப்பு, தியானச் செயலி, மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி என்று நிறுவனம் கொடுத்தவற்றில் கலந்துகொண்டவர்களும் கலந்துகொள்ளாதவர்களும் மனநலத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தார்கள். தொண்டுப் பணிக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்தது மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. ஒரு சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் இதை வைத்துக் கடைசித் தீர்ப்பு சொல்ல முடியாதுதான். ஆனாலும் வகுப்புக்குக் காசு செலவழிக்கும் முன் ஒரு நிர்வாகி யோசிக்க இது போதும்.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்கள். கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டிய நிலை. அவர்களுக்குத் தாங்கும் சக்தி பற்றி எத்தனை வகுப்பு எடுத்தாலும் கால் வீக்கம் இறங்காது. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று ஆக்கினார்கள். கேரளம் 2018-லேயே அதைச் செய்திருந்தது. சட்டம் எல்லாக் கடையிலும் நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பது வேறு விஷயம், கடைக்குள் போனால் நீங்களே பார்க்கலாம். பிரச்சினை எங்கே இருந்ததோ அங்கே கைவைத்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

நிறுவனத்துக்கே மீள்திறன் உண்டா என்று கேட்டால், உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் விமானப் பயணமே படுத்துவிட்டது. ஓரிரு வாரத்துக்குள் யுனைடெட், அமெரிக்கன் ஆகிய இரண்டு விமான நிறுவனங்களும் தலா சுமார் 20,000 பேரை நீக்குவதாக அறிவித்தன. யு.எஸ். ஏர்வேஸ் சுமார் 11,000 பேர். சவுத்வெஸ்ட் நிறுவனம் ஒருவரையும் நீக்கவில்லை. கையில் ரொக்கம் இருந்தது, கடன் குறைவு. நல்ல காலத்தில் சேர்த்து வைத்ததைக் கெட்ட காலத்தில் ஆட்களுக்குச் செலவழித்தார்கள். அந்த வருடத்தையும் லாபத்திலேயே முடித்தார்கள். யு.எஸ். ஏர்வேஸும் யுனைடெட்டும் 2002-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின. இந்த விமான நிறுவனங்களை ஆராய்ந்த ஜோடி ஹாஃபர் கிட்டெல் குழுவின் முடிவு: ஆட்களை நீக்காமல் காத்து, உள்ளே இருந்த உறவுகளை அறுக்காமல் வைத்திருந்த நிறுவனங்கள் வேகமாக மீண்டன. அப்படிக் காப்பதற்குப் பணக் கையிருப்பு வேண்டியிருந்தது என்பதையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள். எல்லா முதலாளியிடமும் அந்தக் கையிருப்பு இருக்காது, அது நியாயமான பேச்சுதான். ஆனால் நல்ல வருடங்களில் எதைச் சேர்த்தோம் என்பதும் மீள்திறன்தான்.

உண்மையைச் சொல்லும் மேலாளர்

காசு இல்லாத மேலாளரும் கொடுக்கக் கூடியது ஒன்று உண்டு: தகவல். அந்தத் திருப்பூர் அலுவலகத்துக்கே திரும்புவோம். தையல் லைனில் பதினைந்து வருடமாக இருக்கும் ஒரு டெய்லர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெர்ச்சண்டைசரிடம் வந்து கேட்கிறார்: "ஏனுங் மேடம், அடுத்த வாரம் வேலை இருக்குங்களா?" இதற்கு வழக்கமாக வரும் பதில் இரண்டு. ஒன்று, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கண்ணா, போய் வேலையைப் பாருங்க." இன்னொன்று, கண்ணைப் பார்க்காமல் போனை எடுத்துக்கொள்வது. இரண்டுமே வதந்திக்குத் தீனி.

மூன்றாவதாக ஒரு பதில் உண்டு: "அடுத்த வாரம் இருக்குங்கண்ணா, பழைய ஆர்டர் முடிக்கணும். அதுக்கு அடுத்த வாரம் எனக்கே தெரியலை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சதை நானே வந்து சொல்றேன்." இதில் நல்ல செய்தி எதுவும் இல்லை. ஆனால் தெரிந்தது, தெரியாதது, எப்போது தெரியும் என்ற மூன்றும் இருக்கிறது. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கும்போது கையில் எவ்வளவு நிறுத்தி வைப்பது, மளிகைக் கடையில் எவ்வளவு கட்டுவது, ஊருக்குப் பணம் அனுப்புவதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்கலாம். பிடி கொடுப்பது என்றால் இதுதான். சொன்னபடி வெள்ளிக்கிழமை போய் நிற்க வேண்டும். புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் அதைச் சொல்லவாவது போக வேண்டும். ஒருமுறை தவறினால் அடுத்த முறை எந்தப் பேச்சும் எடுபடாது.

பேச்சு கீழிருந்து மேலேயும் போக வேண்டும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நல்ல தலைமை, நல்ல ஒற்றுமை உள்ள வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம் இருந்தன. காரணத்தைத் தேடியபோது, அந்த வார்டுகளில் நர்ஸுகள் தவறைப் பயப்படாமல் வெளியே சொன்னார்கள் என்று தெரிந்தது. மற்ற வார்டுகளில் மூடி மறைத்தார்கள். நெருக்கடி நேரத்தில் இது இன்னும் முக்கியம். ஆள் குறைந்து, வேலை கூடி, எல்லோரும் பயந்திருக்கும்போது தவறு நடக்காமல் இருக்காது. சொன்னால் திட்டு விழும் என்ற இடத்தில் அது ஷிப்மென்ட் போன பிறகுதான் வெளியே வரும்.

சக ஊழியர்களுக்குள் செய்துகொள்ளக் கூடியதும் நிறைய. ஒருவர் லீவில் போனால் அவர் வேலை இன்னொருவருக்குத் தெரிந்திருப்பது, ஆட்குறைப்பில் போனவருக்கு ஒரு போன், புது வேலைக்கு ஒரு சிபாரிசு. போனவரைப் பற்றிப் பேசக்கூடத் தயங்குகிற அலுவலகங்களில், மிச்சம் இருப்பவர்கள் நாளை நமக்கும் இதுதானே என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஓய்வு, எழுத்து

மாறி மாறிப் பயிர் வைத்த நிலத்தைக் கொஞ்ச நாள் தரிசாகப் போடுவதைப் போலத்தான் மனதும். ஜெர்மன் உளவியலாளர் சபீனே சோனன்டாக் இந்த விஷயத்தையே பல வருடம் ஆராய்ந்தவர். வேலை முடிந்த பின் மனம் உண்மையிலேயே வேலையை விட்டு விலகுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த நாளின் தெம்பு அமைகிறது என்பது அவருடைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. சிக்கல் என்னவென்றால், அழுத்தம் அதிகமாக இருக்கும் நாட்களில்தான் விலகுவது கஷ்டம். எப்போது ஓய்வு அதிகம் தேவையோ அப்போதுதான் அது கிடைப்பதில்லை. அலுவலக வாட்ஸ்அப் குழுவை ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் மியூட் செய்வதும், கோலமோ கேரம்போ சமையலோ, கையும் மூளையும் சேர்ந்து ஈடுபடுகிற ஒன்றை அரை மணி நேரம் செய்வதும் சும்மா படுத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருப்பதைவிட நன்றாக வேலை செய்யும். மேலதிகாரியே ராத்திரி பதினொரு மணிக்குக் குழுவில் கேள்வி போட்டால் இந்த அறிவுரைக்கு அர்த்தமில்லை. அதை முதலில் நிறுத்த வேண்டியவர் அவர்.

வேலையை இழந்தவர்களுக்காக ஒரு சின்ன விஷயம். 1994-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய சகாக்களும், டெக்சஸில் ஆட்குறைப்பில் வேலை போன 63 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரு குழு, வேலை போனது பற்றி மனதில் இருப்பதையெல்லாம் சில நாட்கள் தொடர்ந்து உட்கார்ந்து எழுதியது. மற்றவர்கள் பொதுவான விஷயம் எழுதினார்கள், அல்லது எழுதவில்லை. மனதில் இருந்ததை எழுதியவர்களுக்குப் புது வேலை சீக்கிரம் கிடைத்தது. அவர்கள் மற்றவர்களைவிட மும்முரமாக வேலை தேடியதாகத் தெரியவில்லை. பழைய வேலையின்மேல் இருந்த கோபம் ஓரளவு அடங்கி, நேர்முகத் தேர்வில் வேறு மாதிரி உட்கார முடிந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். சின்ன ஆய்வுதான். ஆனாலும் செலவில்லாத காரியம், யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம்.

எழுத விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரிய விபத்து, மரணம் போன்றவை நடந்த உடனே எல்லோரையும் உட்காரவைத்து "உங்கள் உணர்வைச் சொல்லுங்கள்" என்று ஒருமுறை மட்டும் பேசவைக்கும் முறை முன்பு பரவலாக இருந்தது. அது பின்னால் வரும் மனக்காயத்தைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டியபின் அந்தப் பழக்கம் குறைந்தது. ஜார்ஜ் பொனானோ என்ற உளவியலாளர் செப்டம்பர் 11-க்குப் பின் நியூயார்க் வட்டாரத்து மக்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 65 சதவீதம் பேர் அடுத்த ஆறு மாதத்தில் பெரிய அறிகுறி எதுவும் இல்லாமல் இருந்தார்கள். மீள்வது அபூர்வ ஆட்களின் சொத்து இல்லை, பெரும்பாலானோருக்கு நடப்பதுதான். அருகில் துணையாக இருப்பது, சாப்பாடு, தூக்கம், செய்ய ஒரு வேலை. முதல் வாரங்களில் பலருக்கும் இவை போதும்.

எப்போது உதவி தேட வேண்டும்

போதாமல் போகும் நேரமும் உண்டு. உலக சுகாதார அமைப்பு 2019-ல் நோய்களின் சர்வதேசப் பட்டியலில் பர்ன்அவுட் என்பதை வேலை சார்ந்த நிலையாக வரையறுத்தது. அதை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. தீராத வேலை அழுத்தத்தால் வருவது. உடம்பில் சக்தியே இல்லாத களைப்பு, வேலைமேல் வெறுப்பும் விலகலும், எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு என்று மூன்றும் சேர்ந்திருக்கும். சாதாரணக் களைப்பு இரண்டு நாள் லீவில் தீரும். இது லீவு முடிந்து திங்கட்கிழமை காலையில் அப்படியே திரும்பி வரும். அந்த நிலைக்கு வந்தவரிடம் "இன்னும் கொஞ்சம் தாங்கு" என்று சொல்லாதீர்கள். வேலையின் அளவு, பிடி, நியாயம் இவற்றில் எது கெட்டிருக்கிறது என்று பார்த்து மாற்ற வேண்டும். மாற்ற வழியே இல்லாத இடத்தில், அடுத்த வேலையைப் பார்த்து வைத்துக்கொண்டு வெளியேறுவதும் நல்ல முடிவுதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், எதிலும் நாட்டமில்லை என்றால், குடி கூடினால், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் என்ற அரசு சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இருபத்து நாலு மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் கேட்டால் எந்த அறை என்று சொல்வார்கள். முதல் தடவை போகப் பலருக்குக் கால் வராது. உங்கள் பக்கத்து மேசைக்காரருக்கு அப்படி ஒரு நிலை என்றால், "நானும் வர்றேன், காலையில எட்டு மணிக்குக் கிளம்பலாம்" என்று நாளையும் நேரத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவருக்கு வேண்டிய பர்மிஷனை மேலாளரிடம் நீங்களே வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது.